ஊருக்கு டவர் உண்டு, மலைச்சாலைக்கு?

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றபடியே வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் குலையின் படத்தை அனுப்பலாம். கம்பம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து முழுப்படமே பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் அலைபேசிக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. வண்டி குமுளிக்கோ கம்பம்மெட்டுக்கோ போடிமெட்டுக்கோ மேகமலைக்கோ ஏறத் தொடங்கியதும்தான் சிக்கல். ஒரு வளைவில் நான்கு கோடு காட்டிய போன் அடுத்த வளைவில் ஒன்றுமில்லாமல் நிற்கும். "மலையில டவர் கிடைக்காது" என்று எல்லாரும் இதை இயற்கையின் தலையில் போட்டுவிட்டோம். மலை பாதிக் காரணம்தான். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து, யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்க்காத நம் தொலைத்தொடர்புக் கொள்கைதான் மீதிக் காரணம்.

அலைபேசிக் கோபுரத்தின் அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகின்றன. தாழ்ந்த அலைவரிசை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தூரமும் போகும். உயர்ந்த அலைவரிசை பாறையிலும் ஈரமான அடர்மரங்களிலும் மோதிச் செத்துவிடும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை மலையின் முதுகுக்கும் மடிக்குமாக மாறி மாறிப் போவதால், அடிவாரத்துக் கோபுரம் ஒரு வளைவைப் பார்க்கும், அடுத்ததைப் பார்க்காது. இதற்குத் தீர்வு எல்லா நிறுவனப் பொறியாளர்களுக்கும் தெரியும். சாலையோரத்திலேயே குறைந்த உயரத்தில், குறைந்த சக்தியில், சாலையை நோக்கிய சிறு நிலையங்களை வைத்தால் போதும். அவை ஏன் வரவில்லை? அரசின் கணக்கில் அந்தச் சாலை ஓர் இடமே இல்லை என்பதால்தான். 4ஜி எட்டாத இடங்களுக்காக மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்த 26,316 கோடி ரூபாய் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல திட்டம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அலகு கிராமம். 24,680 கிராமங்களை அது எண்ணியது. இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஆள் குடியில்லாத காட்டுச்சாலை எந்த எண்ணிக்கையிலும் வராது.

ஆள் குடியில்லாத சாலையில் ஆள் நடமாட்டமும் இல்லை என்று நினைப்பவர்கள் விடியுமுன் இந்த அடிவாரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கிளம்புகின்றன. தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக, பெரும்பாலும் பெண்கள், கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாய இறங்குவார்கள். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடியிலும் புத்தடியிலும் கணினித் திரையில் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. பறிப்பவர் மலை ஏறும்போது ஜீப் பழுதானால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. கார்த்திகை பிறந்தால் இதே சாலைகளில் சபரிமலை வாகனங்களும் சேர்ந்துகொள்கின்றன. நெரிசலைக் குறைக்க ஆண்டுதோறும் போலீசார் ஒருவழிப் பாதை ஆக்கி, போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகவும் விடுகிறார்கள். ஊர் பேர் தெரியாத ஓட்டுநர்கள் கைபேசி வரைபடத்தை நம்பி ஏறுகிறார்கள். பாதி மலையில் அந்த வரைபடம் உறைந்துவிடுகிறது.

வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு போகும் மேல்நாட்டுச் சுற்றுலாவை நம் பக்கமும் கொண்டுவர ஆசைப்பட்டு, கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமணில் முதல் கேரவன் பூங்காவும் திறந்தது. அடுப்பு, அரிசி, பாய் சகிதம் கிளம்பி, சுருளியில் குளித்துச் சாலையோரம் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும் நம் சாமிமார் வேன் அதற்கு எவ்வளவோ மூத்தது. இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: நிற்கிற இடத்தில் மட்டுமல்ல, ஓடுகிற வழியிலும் தொடர்பு.

இது வசதிக் குறைவு மட்டும்தானா? 2022 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பக்தர்களின் கார் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் உருண்டு 8 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு டவர் இல்லாதது காரணம் என்று சொல்ல வரவில்லை. இரவில், மலையில், இப்படி ஒன்று நடந்தால் முதல் சில நிமிடங்கள் என்ன விலைபெறும் என்பதற்காகச் சொல்கிறேன். அவசர உதவி எண் 112ஐ அழைத்தால் நம் சிம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கிடைக்கிற எந்தக் கோபுரத்தின் வழியாகவும் அழைப்பு போகும். அதற்கு ஏதோ ஒரு கோபுரமாவது எட்ட வேண்டும். ஒன்றும் எட்டாத வளைவில் 112 வெறும் எண். போதாக்குறைக்கு மலை முகடு தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டு தொலைத்தொடர்பு வட்டங்களின் ஓரம். வட்டத்தின் ஓரம் இரண்டு பக்க அலுவலகங்களுக்கும் கடைசிக் கவலை.

2023 மே மாத இறுதியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பத்துக்குள் நுழைந்து, சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது, கழுத்துப் பட்டையிலிருந்த செயற்கைக்கோள் கருவியை வைத்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று வனத்துறை பின்தொடர்ந்தது. காட்டில் அவ்வப்போது தவறினாலும், ஜூன் 5ஆம் தேதி பிடிக்கும்வரை அந்தத் தகவல் உதவியது. யானைக்கு அது வேண்டியதுதான். அதே மலையில் ஜீப்பில் போகும் கூலித் தொழிலாளி எந்த வளைவில் நிற்கிறார் என்று அறிய மட்டும் நமக்கு வழியில்லை.

வண்டியில் பூஸ்டர் மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அமெரிக்காவில் கேரவன்காரர்கள் கூரையில் ஆன்டெனாவும் உள்ளே பூஸ்டருமாகத்தான் திரிகிறார்கள். இந்தியாவில் உரிமமில்லாதவர் அதை வாங்குவதும் பொருத்துவதும் குற்றம். ஒருவருடைய பூஸ்டர் பக்கத்துக் கோபுரத்தையே குழப்பி ஊருக்கெல்லாம் அழைப்பைக் கெடுக்கும் என்பதால் அந்தத் தடை நியாயமானதும்கூட. மேலும் பூஸ்டர் இருக்கிற அலையைத்தான் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. செயற்கைக்கோள் வந்துவிடும், பொறுத்திருங்கள் என்பது அடுத்த பதில். செயற்கைக்கோள் போனை அனுமதியின்றி வைத்திருந்தால் இன்றைக்கும் வழக்குதான். சாதாரணப் போனுக்கே வானத்திலிருந்து சேவை வரும் நாள் வரலாம். வந்தாலும் இருபுறமும் பாறைச் சுவரும் மேலே மரக்கூரையுமுள்ள சாலையில் வானம் கொஞ்சம்தான் தெரியும். நாள்கூலிக்காரர் கையில் அந்தச் சேவை எப்போது வரும் என்பது வேறு கேள்வி.

காட்டைப் பற்றிய ஆட்சேபணைதான் கனமானது. மேகமலைச் சாலை 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் வழியே போகிறது. அங்கே ஜெனரேட்டர் உறும, விளக்கு எரிய, நூறடிக் கோபுரங்களை நட்டால் அது அழிவுவேலை. நான் கேட்பது அதுவல்ல. குமுளிச் சாலையில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களும், மின்கம்பிகளும், சாலைத் தடுப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. இருக்கிற கம்பத்தில், பேட்டரியோ சூரியத் தகடோ வைத்து, சாலையை மட்டும் பார்க்கிற சிறு நிலையம் போதும். ஒரு மரம்கூட விழ வேண்டியதில்லை. காட்டின் உள்ளே டவர் கிடைக்காமலே இருக்கட்டும், அது நல்லதுதான். வனக்காவலர்களுக்கு வயர்லெஸ் இருக்கிறது. மேகமலையில் வனத்துறை ஒத்துக்கொள்ளாத இடத்தில் விட்டுவிடலாம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளுக்கு அந்தத் தயக்கம் அவ்வளவு பொருந்தாது. டவர் வந்தால் ஓட்டுநர்கள் வளைவில் போன் பேசுவார்களே என்ற கவலையும் உண்டு. அதற்கு அபராதம் இருக்கிறது.

பணம்? நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதற்கான பங்கு இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டிய வருவாயில் 5 சதவீதத்தை, லாபம் தராத இடங்களுக்கு வசதி செய்யும் நிதிக்காகக் கட்டுகின்றன. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது அதற்குப் பெயர். வடகிழக்கு மாநிலங்களுக்கான திட்டத்தில் கிராமங்களோடு தேசிய நெடுஞ்சாலைகளில் விடுபட்ட இடங்களுக்கும் இதே நிதியில் கோபுரம் போட்டார்கள். ஆக, சாலையை அலகாக வைப்பது விதிக்குப் புறம்பானதல்ல. போடிமெட்டு வழிச் சாலையும் குமுளிச் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள்தாம். நிறுவனத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோபுரங்களும் தேவையில்லை. இந்த நிதியில் அமைந்த ஒரே கோபுரத்தை வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஏற்பாட்டை மத்திய அரசே 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தது.

தேனி மாவட்ட நிர்வாகம் டெல்லிக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எட்டும் பகுதியை வரைபடமாக இணையதளத்தில் வைத்தாக வேண்டும். அந்த வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா நிறுவன சிம்களுடனும் ஒரு வண்டியை நான்கு சாலைகளிலும் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை ஏற்றி இறக்கி, எந்த வளைவில் எது அறுகிறது என்று குறித்து வெளியிடட்டும். அறுகிற வளைவுகளில் "இங்கே டவர் இல்லை, அடுத்து இத்தனை கிலோமீட்டரில் கிடைக்கும்" என்று பலகை வைக்கட்டும். காவல் சோதனைச்சாவடிக்கு நேராகப் பேசும் அவசரத் தொலைபேசிப் பெட்டியை மோசமான இடங்களில் நிறுத்தட்டும். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு வட்டத்து நிறுவன அதிகாரிகளையும் ஒரே அறைக்குக் கூப்பிடட்டும். சபரிமலை மண்டல சீசனுக்கான வழக்கமான ஆலோசனைக் கூட்டத்தில் குடிநீர், மருத்துவ முகாம், போக்குவரத்து எல்லாம் பட்டியலில் வருகின்றன. இந்த ஆண்டு அதில் அலைபேசித் தொடர்பையும் சேர்க்க வேண்டும்.