கட்டைவிரல் மட்டுமா தூக்கில் போட்டது?

லண்டன் ஓல்டு பெய்லியில் 1905 மே மாதம் துப்பறியும் இன்ஸ்பெக்டர் சார்லஸ் காலின்ஸ் சொன்ன சாட்சியத்தை நண்பர் ஒருவர் தன் கட்டுரையில் வானளாவப் புகழ்ந்திருக்கிறார். மனிதர்கள் பொய் சொல்வார்களாம், கைரேகை சொல்லாதாம். அந்த ஒற்றை ரேகைதான் ஸ்டிராட்டன் சகோதரர்களைத் தூக்கில் ஏற்றியதாம். ரேகை தானே பேசும் என்ற நம்பிக்கை கோயில் வாசல் ஜோசியரின் பிழைப்புக்கு உதவும். வழக்கைப் படிக்க உதவாது.

டெப்ட்ஃபோர்டில் பெயின்ட் கடை நடத்தி, கொலையுண்ட ஃபாரோ தம்பதியின் பணப்பெட்டித் தட்டில் ஒரு தடம் கிடைத்தது. அது ஆல்ஃபிரட் ஸ்டிராட்டனின் வலது கட்டைவிரலோடு 11 இடங்களில் ஒத்துப்போகிறது என்று சொன்னது விரல் அல்ல, காலின்ஸ். எது ஒற்றுமை, எது அழுத்தத்தில் வந்த மாற்றம் என்று பிரித்ததும் அவர் கண்தான். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரேகைத் தொகுப்புகள் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, இரு வேறு விரல்கள் இப்படி ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை என்றார். நேர்மையான பேச்சு. ஆனால் 'பார்த்ததில்லை' என்பதை 'இருக்கவே முடியாது' என்று மாற்றி எழுதியது நண்பரின் கைங்கரியம்.

எதிர்த்தரப்பு நிபுணர் டாக்டர் கார்சன் ரேகையிடம் தோற்றார் என்கிறார் நண்பர். ரேகையிடமா? வழக்கின் இரு தரப்புக்கும் தனித்தனியே கடிதம் எழுதி, சாட்சி சொல்ல வருகிறேன் என்று கேட்டவர் அவர். அரசு வழக்கறிஞர் மியூர் குறுக்கு விசாரணையில் அதை எடுத்துக் காட்டியதும், நம்பவே முடியாத சாட்சி என்று நீதிபதி சானல் சொல்லிவிட்டார். அவரைக் கவிழ்த்தது அவர் கையெழுத்து.

தெருவில் ஓடிய ஆல்ஃபிரடை அடையாளம் காட்டிய பெண்ணும், கொலைக்குப் பிறகு அவன் கோட்டைக் கொடுத்துவிட்டதையும் காலணிக்குக் கறுப்பு பூசியதையும் சொன்ன அவன் காதலியும் கூண்டேறினார்கள். நண்பரின் கட்டுரையில் இருவருக்கும் இடமில்லை. பொய் சொல்லக்கூடிய மனிதர்கள் அல்லவா!

ரேகையை வைத்துக் கொலைக் குற்றத்தை அளந்த முதல் நீதிமன்றமும் அது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில் ஒரு பஞ்சாங்கத்தில் பதிந்த விரல் தடம் வந்தது. திருட்டுக்குத் தண்டித்த நீதிமன்றம், கொலைக்குத் தண்டிக்கவில்லை. ஸ்காட்லாந்து யார்டின் மூளை என்று நண்பர் மெய்சிலிர்க்கும் வகைப்பாட்டு முறைக்குக் கல்கத்தாவில் உழைத்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் பெயர்களும் அவருக்கு எட்டவில்லை.

ரேகையை மட்டுமே நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்ற பொருளில்தான் சானல் ஜூரிக்கு அறிவுறுத்தினார். ஜூரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து யோசித்தது. கட்டைவிரலே எல்லாம் பேசி முடித்திருந்தால், அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?