வடிந்தால் நிம்மதியா?

கண்மாய் நிரம்பினால் ஆபத்து, வடிந்தால் நிம்மதி என்று ராமநாதபுரம் சீமையில் படித்தவர்களே பேசுகிறார்கள். சுத்த அபத்தம்! மாதக்கணக்காக ஊறிய மண்கரையை உட்புறம் தாங்கி நிற்பதே தண்ணீர்தான், ஐயா! மதகைத் திறந்து அதை மளமளவென்று இறக்கினால் கரைக்குள் புகுந்த நீர் அதே வேகத்தில் வெளியேறாது. உள்ளே கனம் அப்படியே இருக்கும்; வெளியே தாங்கல் போய்விடும். அப்புறம் சரியாமல் என்ன செய்யும்?

இத்தாலியில் வயோன்ட் நீர்த்தேக்கத்தில் மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். 1963 அக்டோபர் 9 இரவு, இறக்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மலைச்சரிவே உள்ளே விழுந்தது. அணை நின்றது, சுமார் 2,000 பேர் மாண்டார்கள்.

வைகை வந்து சேரும் நம் பெரிய கண்மாய்க்கு மலை இல்லை, வாஸ்தவம். மண்கரை இருக்கிறதே! அதன்மேல் நின்றுகொண்டு, "இன்னும் திற, இன்னும் திற" என்று மதகுக்காரரை விரட்டுகிறார்களே, அந்தப் புத்திசாலிகளை முதலில் கீழே இறக்குங்கள்.