விலையில்லாதது வேறு, விலங்கில்லாதது வேறு

ஆங்கிலத்திலே விலையற்ற பொருளுக்கும் விடுதலை பெற்ற பொருளுக்கும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழிலோ இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இணையத்தில் உலாவவும் மடல் எழுதவும் நாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேசுவோர், "காசு கேட்கிறார்களா, இல்லையா?" என்ற ஒரே வினாவோடு நின்றுவிடுகின்றனர். அவ்வினா போதாது என்பதே நமது கட்சி.

1994 டிசெம்பரில் நெற்ஸ்கேப் உலாவி வெளிவந்தது. மாணவர்க்கு அது இலவசம். வணிக நிறுவனங்கள் விலை கொடுத்தல் வேண்டும். நேர்மையான ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். 1995இல் மைக்ரோசொஃப்ட் தனது இன்ரர்நெற் எக்ஸ்புளோரரைக் கொணர்ந்தது. அதற்கு விலையில்லை. விண்டோஸ் வாங்கியவன் வீட்டுக்கு அது அழையாமலே வந்து சேர்ந்தது. அதனை அகற்றக்கூடாதெனக் கணினி உற்பத்தியாளருக்கு ஒப்பந்தத் தளையும் இடப்பட்டது. சும்மா கொடுக்கும் செல்வனோடு விலை வைத்து விற்பவன் எத்தனை நாள் மல்லாட முடியும்? 1998 ஜனவரியில் நெற்ஸ்கேப்பும் விலையைக் கைவிட்டது.

அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2000 ஏப்ரிலில் நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன், மைக்ரோசொஃப்ட் சட்டத்தை மீறியதெனத் தீர்த்தார். யூனில் அதனை இரண்டாகப் பிளக்கக் கட்டளையிட்டார். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிளவுக் கட்டளையை நீக்கி, ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்த குற்றத்தை மட்டும் பெரும்பாலும் உறுதி செய்தது. அதற்குள் நெற்ஸ்கேப் 1999இலேயே வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது! சட்டம் எத்துணை வேகமாக நடக்குமென்பதை நாம் அறியாதவர்களல்லர்.

பின்பு நடந்ததே நமக்கு முக்கியம். போட்டி ஒழிந்தபின், 2001இல் வந்த ஆறாம் பதிப்புக்கும் 2006இல் வந்த ஏழாம் பதிப்புக்கும் இடையில் ஐந்தாண்டுகள் அந்த இலவச உலாவி உறங்கிற்று. காசு கொடாதவன் எந்த வாசலில் நின்று முறையிடுவான்?

உறக்கத்தைக் கலைத்தது எது? நெற்ஸ்கேப் 1998 மார்ச்சில் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அவ்விதையிலிருந்து 2004 நவம்பரில் ஃபயர்பொக்ஸ் உலாவியும், டிசெம்பரில் தண்டர்பேர்ட் என்னும் மடற்செயலியும் முதிர்ந்த பதிப்பாய் வெளிவந்தன. இவையும் விலையில்லாதவையே. ஆனால் இவற்றின் உரிமப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். நிரலை எவரும் காணலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். முன்னது தானம், கொடுத்தவன் மனம் மாறினால் நின்றுபோகும். பின்னது பத்திரத்தில் எழுதிக் கொடுத்த உரிமை.

மலிவு விலை மென்பொருளை நாம் இகழவில்லை. நோர்வேயில் பிறந்த ஒப்பெரா முதலில் விலைக்கு விற்கப்பட்டது. 2000இல் விலை தராதவர்க்கு விளம்பரம் காட்டியது. 2005இல் இரண்டையும் விட்டது. விலை இன்னதென்று முகத்துக்கு நேரே சொல்லும் வியாபாரியிடம் நமக்குப் பகையில்லை. பெறும் விலையைச் சொல்லாதவனிடமே ஐயம். ஜிமெயிலுக்குக் காசில்லை, ஆயின் 2017 வரை, விளம்பரம் தெரிவதற்காக மடல்களின் உள்ளடக்கத்தைக் கூகிளின் இயந்திரம் துருவிற்று. அதனை நிறுத்தப்போவதாக அவ்வாண்டு அந்நிறுவனமே அறிவித்தது. கட்சிக்காரர் நம்பி எழுதும் மடலைத் தபாற்காரன் பிரித்துப் பார்த்தால் நாம் பொறுப்போமா?

"உமது ஃபயர்பொக்ஸ் யார் சோற்றில் வாழ்கிறது?" என்று எதிர்த்தரப்பார் கேட்பர். நியாயமான குறுக்கு விசாரணைதான். அதனை ஆக்கும் மொசில்லாவின் வருவாயிற் பெரும்பங்கு, தேடுபொறியை முன்னிருத்துவதற்காகக் கூகிள் தரும் பணமே. இத்தகைய முன்னிடத்துக்காகக் கூகிள் 2021இல் பலருக்குமாகச் செலுத்திய தொகை 2,630 கோடி டொலர் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2024 ஓகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகிள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாகத் தீர்த்தார். ஆயினும் 2025 செப்டெம்பரில் அக்கொடுப்பனவுகளை முற்றாகத் தடுக்க மறுத்தார். தடுத்தால் தன் வாழ்வே கேள்விக்குறியாகுமென்று மொசில்லாவும் வாதிட்டிருந்தது. உரிமைப் பத்திரம் நம் கையில். உலைக்கு அரிசி ஏகபோகத்தின் கையில்!

தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் தரும் நன்கொடையில் வாழ்கிறது. நமது அலுவலக மடல்கள் அதிலேதான். ஆண்டுதோறும் ஒரு சிறுதொகை அனுப்பி வருகிறோம். இலவசப் பொருளுக்கு ஏன் பணமென்று எழுதுவினைஞர் கேட்டார். கணக்கில் சந்தா என்று எழுதச் சொன்னோம்.