தலைமைப் பண்பும் தொழிலாளர் உயர்வும்

தலைமை என்றவுடன் நம்மில் பலர் மேடையையும் மாலையையும் நினைக்கின்றோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் துரையையும் கிராணியையும் கங்காணியையும் நினைக்கின்றோம். தலைமை பிறர்க்குரியது, பணிதலே நமக்குரியது என்னும் எண்ணம் இவ்வாறு நம்முள் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பிழையானது என்பதே நம் துணிபு. அதற்குரிய சான்று நம் வரலாற்றிலேயே உண்டு.

1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் பல, தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலை போயிற்று, வேலையோடு குடியிருந்த லயமும், பிள்ளைகள் பயின்ற தமிழ்ப்பள்ளியும் போயின.

அந்நாளில் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தோட்டந்தோறும் சென்று அவர் பேசினார். பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தின. மறு ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

சம்பந்தன் தலைவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், குறைந்த கூலியில் பத்து வெள்ளியை ஒதுக்கி, அண்டை வீட்டாரையும் சேரச் செய்த தொழிலாளியும் தலைவரே அல்லரோ? பொறுப்பை முதலில் ஏற்பவரே தலைவர். பதவி பின்னர் வருவது.

கூட்டுறவு என்று நம்பிப் பணம் இழந்தோரும் நம்மிடையே உளரே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். தலைவரை நம்பியது குற்றமன்று. கணக்கைக் கேளாதிருந்ததே குற்றம். கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர் உள்ள இடத்தில்தான் நல்ல தலைமை நிலைக்கும். கேள்வி கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டும், துணிவும் வேண்டும்.

இன்று ஜொகூரில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. நம் இளைஞர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். இடம் மாறினும் தேவை மாறவில்லை.

பெற்றோரே! மாதந்தோறும் சம்பளச் சீட்டைப் பிள்ளைகளோடு அமர்ந்து படியுங்கள். ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் உரிய பணம் பிடிக்கப்பட்டுள்ளதா, அது முறையாகச் செலுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிழையிருப்பின் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். பிள்ளைகள் அதைக் கண்டு கற்பர்.

மாணவச் செல்வங்களே! வகுப்புத் தலைவர் பட்டை ஒருவர் சட்டையில்தான் இருக்கும். ஆனால், கரும்பலகையைத் துடைப்பதற்கும், வராத தோழனுக்குப் பாடம் சொல்லித் தருவதற்கும், செய்த தவற்றை ஒப்புக்கொள்வதற்கும் பட்டை வேண்டியதில்லை. வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்து முயற்சியைப் போற்றினார். அம்முயற்சி இன்றே, இவ்வகுப்பறையிலேயே தொடங்கட்டும்.

பத்து வெள்ளியில் ஒரு தோட்டம் பிறந்தது. சிறு பொறுப்புகளில் நல்ல தலைவர்கள் பிறப்பர். வாழ்க தமிழ்ப்பள்ளி! உயர்க தொழிலாளர் வாழ்வு!