439 புள்ளி எடுத்தவரை 2 உதைக்காக மட்டும் நினைவு வைப்பது நியாயமா?

2010 நவம்பர் 26. அமெரிக்காவின் ரீனோ நகரம். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் தொடர்ந்து 24 ஆட்டங்களை ஜெயித்திருந்த பாய்சி ஸ்டேட் அணி, நெவாடாவுடன் 31-31 என்று சமநிலையில் நிற்கிறது. ஆட்டம் முடியப் போகிறது. 26 யார்டு, அதாவது சுமார் 24 மீட்டர் தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் 3 புள்ளி, வெற்றி.

உதைக்க வந்தவர் இறுதியாண்டு மாணவர் கைல் பிராட்ஸ்மேன். பந்து வலப்பக்கம் விலகிப்போனது. கூடுதல் நேரத்தில் 29 யார்டிலிருந்து இன்னொரு வாய்ப்பு. இந்த முறை இடப்பக்கம். கடைசியில் 34-31 என நெவாடா ஜெயித்தது.

பிளேஸ்கிக்கர் என்ன செய்வார்?

ஆட்டத்தின் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியேதான் இருப்பார். அழைத்தால் வந்து உதைக்கணும். ஒருவர் பந்தைப் பின்னால் வீச, இன்னொருவர் பிடித்துத் தரையில் நிறுத்த, இவர் உதைப்பார். எல்லாம் சுமார் 1.3 நொடியில் முடிந்துவிடும். மூன்று பேர் வேலைதான். ஆனா தவறினால் திட்டு ஒருவருக்கு மட்டும்.

தோல்விக்கு அவர் மட்டுமா காரணம்?

இடைவேளையில் பாய்சி ஸ்டேட் 24-7 என்று முன்னிலையில் இருந்தது. அந்த 17 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது மொத்த அணியும்தான். அதே வருட ஜனவரியில் நடந்த ஃபியஸ்டா பவுலை யோசிச்சுப் பாருங்க. 10-10 என்று இருந்தபோது, பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளப்போவது போல நின்ற பிராட்ஸ்மேன், உதைக்காமல் சக வீரருக்கு பாஸ் வீசினார். ஆட்டமே மாறியது. 17-10 என பாய்சி ஸ்டேட் வெற்றி. கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 439.

ரீனோ தோல்விக்குப் பிறகு அவருக்கு வந்தவை வசவுகளும் மிரட்டல்களும். ரசிகர்களில் இன்னொரு பகுதியினர் ஃபேஸ்புக்கில் ஆதரவுப் பக்கம் தொடங்கியது ஆறுதல்.

"அவ்வளவு பக்கத்திலிருந்து கூட அடிக்க முடியாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடித்திருக்க வேண்டிய உதைகள் அவை. பெரிய பவுல் ஆட்டத்துக்குப் போகும் கனவும் அன்றே கலைந்தது. ஆனா விமர்சனம் வேறு, மிரட்டல் வேறு. அன்றைய விதிப்படி கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் உரிமையே 2021-ல்தான் வந்தது. தொழில்முறை வீரரின் பணமும் பாதுகாப்பும் இல்லாத மாணவர் மேல், தொழில்முறை வீரருக்கான மொத்தக் கோபத்தையும் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு உதை தவறினால் ஸ்கோர் மாறும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக நாலு வருட உழைப்பை அழித்துவிடக் கூடாது.