முதியோரின் சொல்லைக் கேட்போம்

பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தது எமது மரபு. முதுமைக்கு அதில் இடமில்லை.

1933 இல் நாசிகளின் எழுச்சியையடுத்து ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா வந்தவர் எரிக் எரிக்சன். பேர்க்லியில் பேராசிரியராக இருந்த அவர், 1950 இல் வெளியிட்ட நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகக் கண்டார். கட்டிளமைப் பருவத்தினரின் கேள்வி, நான் யார் என்பது. முதியவரின் கேள்வி, என் வாழ்வு பொருளுடையதா என்பது.

சான் ஹோசேயில் எமது வீடுகளில் இவ்விரு கேள்விகளும் ஒரே கூரையின் கீழ் மௌனமாக வாழ்கின்றன. பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது. அப்பப்பாவுக்கு ஆங்கிலம் வராது. வைத்தியசாலையில் பிள்ளைகளே அவருக்காக முடிவெடுக்கின்றனர்.

தமக்குப் பேச இயலாதுபோனால் மருத்துவ முடிவுகளை எடுக்கவேண்டியவரையும் தமது விருப்பங்களையும் வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கக் கலிபோர்னியச் சட்டம் இடமளிக்கிறது. தகுதியுள்ள இரு சாட்சிகள் அல்லது ஒரு நொத்தாரிசு போதும், சட்டத்தரணி வேண்டியதில்லை. நாமோ அபசகுனம் என்று அப்பேச்சையே தவிர்க்கிறோம்.

மண்ணை விட்டுப் புறப்பட்டபோது அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. இறுதிப் பயணத்துக்காவது கேட்போம்.