காத்து எப்படி இருக்கு?

ஆபீஸ் கேன்டீனில் பஜ்ஜி ஆறுவதற்குள் அலசித் தீர்க்கப்படும் உலகப் பிரச்னைகளில் இதுவும் ஒன்று. 'ஏம்ப்பா, ப்ளேனை ஆட்டோபைலட்டே ஓட்டுது. அதுவே இறக்கியும் விடுது. அப்புறம் முன்னாடி ரெண்டு பேர் எதுக்கு? அவங்களுக்கு அவ்வளவு சம்பளம் எதுக்கு?'

கேட்பவர் பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனாக இருப்பார். அடுத்தவர் சம்பளத்தைக் குறைப்பதில் அவர்களுக்கு உள்ள ஆர்வம் நமக்கெல்லாம் வராது.

பதிலை மீனம்பாக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் வந்துகொண்டிருந்த நாள். மும்பையிலிருந்து வந்த ஓர் இண்டிகோ விமானம் இறங்கப் பார்த்தது. ரன்வேக்கு மேலே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, 'வேண்டாம்டா சாமி' என்று மறுபடி மேலே கிளம்பிப் போய்விட்டது. அந்த வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. பார்த்தவர்களெல்லாம் 'ஜஸ்ட் மிஸ்ஸு!' என்றார்கள். பைலட்டுகள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதற்குப் பெயர் கோ-அரவுண்ட். சரிப்படவில்லையென்றால் மேலே போய்விடு, வெட்கப்படாதே என்பது அவர்களுக்குச் சொல்லித்தரும் அரிச்சுவடி.

சரி, மெஷின்தான் தானாகவே இறக்குமே, புயலில் அதனிடம் விட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம் தலைகீழ். ஏர்பஸ் 320-ல் ஆட்டோலேண்ட் செய்ய, பக்கவாட்டுக் காற்று 20 நாட்டைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர். மனுஷன் கையால் இறக்கினால் 30 நாட்டுக்கு மேலும் முடியும். ஆட்டோலேண்ட் கண்டுபிடித்தது பனிமூட்டத்துக்காக. கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் காற்று சாதுவாக இருக்கும். பனி என்றால் மெஷின். பேய்க்காற்று என்றால் மனுஷன். வேலைப் பங்கீடு அப்படி.

பக்கக் காற்றில் விமானம் ரன்வேயை நேராகப் பார்த்துக்கொண்டு வராது. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, சைடு வாங்கிக்கொண்டே வரும். அதற்குப் பெயரே 'க்ராப்', சுத்தத் தமிழில் நண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன் காலால் பெடலை அழுத்தி மூக்கை நேராக்க வேண்டும். முன்னாடியே அழுத்தினால் காற்று தள்ளிவிடும். லேட்டாக அழுத்தினால் டயர் கதறும்.

★

இந்த இடத்தில்தான் பைலட் டவரைக் கூப்பிட்டு 'விண்ட் செக்' என்கிறார். அதாவது, 'காத்து எப்படி இருக்கு சார்?' டவர் திசையையும் வேகத்தையும் சொல்லும்.

பைலட்டுகள் நாலு பேர் கூடினால் இதற்கும் ஒரு பட்டிமன்றம் உண்டு. 'அதான் நம்ம ஸ்கிரீன்லயே குட்டி அம்புக்குறி போட்டுக் காத்தைக் காட்டுதே, எதுக்கு டவரைத் தொணதொணக்கணும்?' என்பது ஒரு கட்சி. 'ஸ்கிரீன் காட்டுறது நீ இருக்கிற உயரத்துக் காத்து. நீ இறங்கப்போறது தரையிலய்யா!' என்பது எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. ரன்வே பக்கத்தில் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் காற்றுமானி சுற்றிக்கொண்டிருக்கும். டவர் படிப்பது பொதுவாக அதன் கடைசி 2 நிமிட சராசரி. புறப்படும்போது கையில் தரும் வானிலைத் தாளில் இருப்பது 10 நிமிட சராசரி. சராசரி என்றால் தெரியுமே. ஒரு காலை ஐஸிலும் ஒரு காலை அடுப்பிலும் வைத்துக்கொண்டு சராசரியாக சுகம் என்கிற கதை.

இதையெல்லாம் எதற்காகக் கேட்கிறார்கள்? வேகம் நிர்ணயிக்க. போயிங் கணக்கு ஒன்றைப் பாருங்கள். இறங்கும் அடிப்படை வேகம் 140 நாட் என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிர்காற்று 16 நாட், திடீர் வீச்சு 22. இன்ஜின் சக்தியைப் பைலட்டே கையால் கூட்டிக் குறைப்பதென்றால், காற்றில் பாதி 8, வீச்சில் கூடுதல் 6, ஆக 14 சேர்த்து 154-ல் வர வேண்டும். ஆட்டோத்ராட்டில் என்ற மெஷினிடம் கடைசிவரை விட்டால் வெறும் 5 சேர்த்தால் போதும். 145. காற்று ஏமாற்றினால் சமாளிக்க மனுஷனுக்குக் கூடுதல் கையிருப்பு வேண்டும். மெஷின் சட்டென்று திருத்திக்கொள்ளும்.

'அப்ப மெஷின்தானே பெட்டர்?' என்று அக்கவுன்ட்ஸ் குறுக்கே வருவார். அதுதான் இரண்டாவது பட்டிமன்றம்.

★

கடைசி சில நூறு அடிகளைப் பெரும்பாலும் கையால்தான் ஓட்டி இறக்குகிறார்கள். சண்டை அதற்கு முந்தைய பகுதி பற்றி. பத்தாயிரம் அடியிலிருந்தே கையில் எடுக்கலாமா, ஆயிரம் அடிவரை மெஷினிடமே விடலாமா?

மெஷின் கட்சி லேசுப்பட்டதல்ல. ராத்திரி முழுக்கக் கண்விழித்து வந்தவர் கை தடுமாறும். ஒருவர் கையால் ஓட்டினால் பக்கத்து சீட்காரருக்கு வேலை இரட்டிப்பு. ரேடியோவில் பேசணும், பட்டன்களைத் திருகணும், ஓட்டுபவரையும் கண்காணிக்கணும். போதாததற்கு, விமானத்தில் உள்ள ரெக்கார்டர் எல்லாவற்றையும் பதிந்து கம்பெனிக்குக் கொடுத்துவிடும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் மறுநாள் 'ஏன் சார் அப்படி?' என்று கேள்வி வரும். மெமோ வாங்கிய கையைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கை கட்சிக்கு ஒரே வாதம்தான். பழகாத கை துருப்பிடிக்கும்.

1997-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேப்டன் வாரன் வாண்டர்பர்க் தன் பைலட்டுகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். ஸ்கிரீனில் விமானம் போக வேண்டிய வழி மெஜந்தா நிறத்தில் கோடாகத் தெரியும். அதையே பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'மெஜந்தாவின் குழந்தைகள்'. மெஷின் குழப்பினால் அதோடு மல்லுக்கட்டி பட்டன் தட்டிக்கொண்டிருக்காதே, அணைத்துவிட்டு நீ ஓட்டு என்றார். 2013 ஜனவரியில் அமெரிக்க விமானத்துறையும் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது: வாய்ப்புள்ளபோதெல்லாம் பைலட்டுகளைக் கையால் ஓட்டவிடுங்கள்.

ஆறே மாதம்.

2013 ஜூலை 6, சான்ஃபிரான்சிஸ்கோ. வானம் சுத்தம். காற்றும் லேசு. சியோலிலிருந்து 307 பேரோடு வந்துகொண்டிருந்தது ஏசியானா 214, போயிங் 777. ரன்வேக்குச் சரியான சரிவில் இறங்க வழிகாட்டும் சிக்னலைக் கட்டுமான வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பைலட்டுகளுக்கு அது முன்கூட்டியே தெரியும். ஒன்றுமில்லை, ஜன்னல் வழியே ரன்வேயைப் பார்த்து இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓட்டியவருக்கு ஏறக்குறைய 10,000 மணி நேர அனுபவம். 777-க்கு மட்டும் புதுசு. பக்கத்தில் பயிற்சியாளர். விமானம் சற்று உயரமாக வந்ததால் இறக்குவதற்கு ஒரு பட்டனை அழுத்தினார். மெஷின் வேறுமாதிரிப் புரிந்துகொண்டு மேலே ஏறப் பார்த்தது. அவர் ஆட்டோபைலட்டை அணைத்து, இன்ஜின் லீவரைப் பின்னால் இழுத்தார். அந்த நொடியில் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' என்ற நிலைக்குப் போய்விட்டது. 'இனிமே வேகத்தை நீயே பாத்துக்க' என்று அர்த்தம். அவரோ மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். மெஷின் மனுஷன் பார்ப்பான் என்று விட்டுவிட்டது. நடுவில் வேகத்தைப் பார்க்க ஆளே இல்லை.

137 நாட் இருக்க வேண்டியது 103-க்கு விழுந்தது. கவனித்து இன்ஜினை முடுக்கியபோது நேரம் கடந்துவிட்டது. கடலோரத் தடுப்புச்சுவரில் வால் மோதிப் பிய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் சீனாவிலிருந்து கோடை முகாமுக்கு வந்த பள்ளிக்கூடப் பெண்கள்.

பார்த்து இறக்குவது தனக்கு மன அழுத்தமாக இருந்தது என்று விசாரணையில் அந்த பைலட் சொன்னார். கேலி செய்யாதீர்கள். மெஷினை முழுக்கப் பயன்படுத்து என்பதுதான் அவர் கம்பெனியின் கொள்கை. கையால் ஓட்டுவதை அது ஊக்குவிக்கவில்லை. அந்தக் கொள்கையை மாற்றி, கையால் ஓட்ட அதிக வாய்ப்புக் கொடுங்கள் என்று 2014-ல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் சொன்னது.

★

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துமேட்டு விவசாயிக்கு. பைலட்டுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். காற்றில்லாதபோதே பழகிக்கொள். வானம் தெளிவாக, ஏர்போர்ட் காலியாக, உடம்பு தெம்பாக இருக்கும் நாளில் மெஷினை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டிப் பார்க்கணும். புயலன்றைக்கு டவரைக் கூப்பிட்டு 'காத்து எப்படி?' என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். 'என் கை எப்படி?' என்று கேட்க எந்த டவரும் கிடையாது.

கடைசியாக ஒரு சமாசாரம். மழைநாளில் விமானம் 'தொம்'மென்று இறங்கினால், 'லைசென்ஸ் எங்கே வாங்கினான்?' என்று பக்கத்து சீட்டில் முணுமுணுக்காதீர்கள். ஈர ரன்வேயில் பூப்போல இறக்கினால் டயர் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீரைப் பிளந்து தரையைப் பிடிக்கட்டும் என்று அவரே கொஞ்சம் அழுத்தித்தான் வைத்திருப்பார். இறங்கும்போது வாசலில் நின்றால் ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள். அக்கவுன்ட்ஸ்காரர் கூட வந்தால் அவரையும் சொல்லச் சொல்லுங்கள். அதற்குச் செலவு கிடையாது.